பிடுங்கியதும் அருகு, நட்டதும் அருகு!

வீட்டுக்கு முன்னால் புல்தரை போடப்போகிறோம் என்று மருமகள் சொன்னதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "மாடு எத்தனை வாங்கப் போறீங்க?"

மாடு வாங்குகிற எண்ணமே இல்லை. வெறும் புல். பார்க்க, நடக்க, சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார. இதைப் புரியவைக்கவே இரண்டு நாளானது. புரிந்த பிறகு, எழுபத்தாறு வயதான அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு காட்டையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

காடு என்றால் மரம் அடர்ந்த காடு அல்ல. கொங்குப் பக்கம் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். கோவை மாவட்டம் அன்னூரை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் செவக்காடு அது. அந்த அம்மாவும் அவர் கணவரும் முப்பத்தைந்து வருடம் அதில் சோளமும் கடலையும் விளைவித்தார்கள். ஒரே மகனைப் படிக்கவைத்தார்கள். கிணறு வற்றியது. போர் போட்டார்கள். 600 அடியில் புழுதி, அடுத்தது 900 அடியில் புழுதி. மூன்றாவது 1,000 அடியைத் தாண்டியபோது விரல் தண்டிக்குத் தண்ணீர் வந்தது. வீட்டுக்குக் காணும், வெள்ளாமைக்குக் காணாது. கணவர் ஏரைக் கீழே வைத்தார். இரண்டே வருடத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் காடு சும்மா கிடந்தது.

சும்மா என்பது நாம் சொல்வது. நிலம் ஒருநாளும் சும்மா கிடப்பதில்லை. பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது. நெருஞ்சி படர்ந்தது. வரப்போரம் சீமைக்கருவேலம் தலைதூக்கியது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த விருந்தாளிகள். தெரியாமல் மண்ணுக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்: கோரையும் அருகும்.

மகன் சென்னை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காட்டின் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். மருமகள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். இருபத்தேழு வருடம் இரண்டாவது மாடியில் குடித்தனம். பால்கனியில் நான்கு தொட்டி வைத்தால், தண்ணீர் ஒழுகுகிறது என்று கீழ்வீட்டில் சண்டைக்கு வருவார்கள். காலையில் ஈரப்புல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பது அவருடைய கல்யாணத்துக்கு முந்தைய ஆசை. இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கால் நூற்றாண்டு சிமென்ட் தரையிலேயே நடந்தவரிடம் அப்படிச் சொல்ல வாய் வராது.

ஆனால், சோறு போட்ட காட்டில் எதற்கும் உதவாத புல்லைப் பார்க்க அந்த அம்மாவுக்கும் மனசு வராது. இரண்டுமே நியாயம்தான். சிக்கலே அதுதான்.

மாசி மாதம் டிராக்டர் வந்தது. நாற்பது சென்ட் புல்தரை என்பது திட்டம். வாடகைக்கு ஓட்டும் பையன் பின்னால் ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். சுழலும் கத்திகள் மேல்மண்ணை நான்கைந்து அங்குலம் வெட்டிப் பொடியாக்கும் கருவி அது. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பன்னிரண்டு வருடக் களை இருந்த சுவடே தெரியவில்லை. மண் காபித்தூள் மாதிரி கிடந்தது. மருமகள் அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

"மேலாப்புல சொரண்டுனா கோரைக்குக் கொண்டாட்டம்" என்று மாமியார் சொன்னது டிராக்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு எடுபட்டிருக்காது.

மண் படியட்டும் என்று தண்ணீர் விட்டார்கள். எட்டாம் நாள் காலையில் காடு முழுக்கப் பச்சை ஊசிகள். "அத்தை, நாம போடாமலேயே புல் வருது பாருங்க!" என்று மருமகள் ஓடிவந்தார். மாமியார் குனிந்து ஒரு தண்டைக் கிள்ளி, மருமகளின் விரலிடுக்கில் வைத்து உருட்டச் சொன்னார். உருளவில்லை. மூன்று பக்கமும் முனை தட்டியது.

"புல்லுன்னா உருளும் கண்ணு. இது உருளாது. கோரை."

கோரையை மேலோட்டமாக வெட்டினால் ஏன் பெருகுகிறது என்பதற்கு அறிவியல் சொல்லும் காரணமும் மாமியாரின் அனுபவமும் ஒன்றுதான். ஒரு கிழங்கிலிருந்து நூல் மாதிரி வேர்த்தண்டு ஓடி, அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது என்று மண்ணுக்குள் ஜபமாலை கோத்ததுபோல் இருக்கும். நுனியில் இருக்கும் கிழங்கு முளைத்து மேலே நிற்கும்வரை, சங்கிலியில் உள்ள மற்றவற்றில் பல தூங்கிக்கொண்டிருக்கும். சங்கிலியை அறுத்தால் தூங்கிய கிழங்குகள் விழித்துக்கொள்ளும். ரொட்டவேட்டர் அந்த வேலையைத்தான் நாற்பது சென்ட்டிலும் சுத்தமாகச் செய்துமுடித்திருந்தது. அருகுக்கும் இதே கதை. ஒவ்வொரு கணுவும் ஒரு விதை. பத்துத் துண்டாக வெட்டினால் பத்துச் செடி.

உலகத்தின் மோசமான களைகளை வரிசைப்படுத்தி 1977-ல் ஆய்வாளர்கள் ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள். அதில் முதலிடம் கோரைக்கு. இரண்டாமிடம் அருகுக்கு. இரண்டும் இந்தக் காட்டில் இருந்தன. (இதில் ஒரு வேடிக்கை. மருமகள் சென்னையில் நாட்டு மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கி, குளியல் பொடியில் சேர்த்து அரைத்துவந்த வாசனைச் சரக்குகளில் ஒன்று கோரைக்கிழங்கு. இப்போது அது நாற்பது சென்ட்டுக்கு இலவசமாகக் கிடந்தது.)

ஆளுக்கொரு யோசனை வந்தது. புல் விற்கும் நர்சரிக்காரர், மேலே புல் பாயை விரித்துவிட்டால் கோரை அமுங்கிவிடும் என்றார். அமுங்காது. கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பையே கூர்முனையால் குத்திக்கொண்டு வெளியே வருகிற செடி அது. மருந்துக்கடையில் கிளைபோசேட் அடிக்கச் சொன்னார்கள். பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததை அங்கே யாரும் சொல்லவில்லை. மகனுக்கு அது தெரிந்திருந்தது. பக்கத்துக் காட்டில் கத்தரிச்செடி பூவும் பிஞ்சுமாக நின்றது வேறு. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகன் தன் அம்மாவிடம் கேட்டார்: "நீங்களா இருந்தா என்னங்மா பண்ணுவீங்க?"

பன்னிரண்டு வருடமாக அந்தக் காட்டைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கை கழுவிவிட்டு வந்துதான் பதில் சொன்னார். "சித்திரை வரைக்கும் தண்ணி காட்டாதீங்க. காயட்டும். பொறவு சட்டிக் கலப்பை போட்டு ஆழமா பொரட்டணும்."

சித்திரையில் அதே பையன் அதே டிராக்டரோடு வந்தான். இந்த முறை பின்னால் சட்டிக் கலப்பை. வட்டத் தட்டுகள் முக்கால் அடிக்குமேல் இறங்கி மண்ணைக் கட்டிக் கட்டியாகப் புரட்டிப் போட்டன. காபித்தூள் இல்லை. ஒவ்வொரு கட்டியும் தேங்காய் அளவு. பார்க்க அசிங்கமாக இருந்தது. மருமகள் போட்டோ எடுக்கவில்லை.

கோடை உழவின் சூட்சுமம் அந்த அசிங்கத்தில்தான் இருக்கிறது. கட்டியோடு மேலே வந்த கிழங்கும் வேரும் வெயிலில் சுருங்க வேண்டும். நன்றாகக் காய்ந்து சுருங்கிய கோரைக்கிழங்கு முளைக்காது. கட்டியை உடைத்துவிட்டால் பொடிமண் போர்த்திக் காப்பாற்றிவிடும். பத்து நாள் கழித்து ஒன்பது கலப்பையைக் குறுக்கே ஓட்டினார்கள். அது வேரை வெட்டாமல் சீப்பு மாதிரி கோதி மேலே இழுத்துப் போடும். மாமியார் முன்னால் நடக்க, மகனும் மருமகளும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் பின்னாலேயே அருகு வேரைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள். வரப்போரம் குவித்ததே ஆள் உயரம் இருந்தது.

டிராக்டரால் முடியாத இடமும் உண்டு. சுவரிலிருந்து மூன்றடிக்குள் கலப்பை வராது. திரும்புகிற மூலைகளில் மண் புரளாது, சக்கரம் ஏறி இறுகத்தான் செய்யும். புதிதாக நிலத்தைத் திருத்துகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நடுக்காட்டைத் தங்கமாக்கிவிட்டு ஓரத்தை மறந்துவிடுவார்கள். களை அந்த மூன்றடியிலிருந்து திரும்ப உள்ளே நடந்து வரும். கடப்பாரையும் களைக்கொத்துமாக அந்த ஓரங்களை மகனே கொத்தினார். பதினேழு வயதில் "நீ படி, இதைத் தொடாதே" என்று அப்பா அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்த களைக்கொத்து அது. பிடி மட்டும் புதிது.

இடையில் கோடை மழை ஒன்று பெய்தது. முளைக்கிறதெல்லாம் முளைக்கட்டும் என்று விட்டு, நான்கு இலை வந்ததும் மறுபடி உழவு. அடுத்த மழைக்கு இன்னொரு தடவை. பார்த்தீனியத்துக்கு இது ஒன்றே மருந்து. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும் என்பதால், பூவெடுக்கும் முன்னால் மடக்கிவிட வேண்டும். பூத்த பிறகு பிடுங்குவதில் பாதிப் பலன்தான்.

ஆவணிக்குள் புல் போட்டுவிடலாம் என்று மருமகள் கணக்குப் போட்டுவைத்திருந்தார். மாமியார் குறுக்கே விழுந்தார். "கோரையைக் கொல்லக் கொள்ளு வெதைன்னு சொல்லுவாங்க கண்ணு. ஒரு போகம் பொறுத்துக்க."

இப்படி ஒரு பழமொழி வேளாண்மையில் பழக்கமானவர்களுக்குத் தெரியும். கோரையின் பலவீனம் நிழல். வெயில் இருந்தால் யாரையும் மதிக்காது, நிழலில் வெளிறிப்போகும். கொள்ளு தரையை மூடிப் படரும், தண்ணீரும் அதிகம் கேட்காது. மானாவாரிக்கு ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை போதும் என்பார்கள். அந்த அம்மா நாற்பது சென்ட்டுக்கே ஏழு கிலோ வீசினார். விளைச்சலுக்காக விதைத்தது அல்ல, போர்வைக்காக விதைத்தது.

மருமகளுக்கு அந்தப் புரட்டாசியில் வருத்தம்தான். மறைத்துக்கொள்ளவும் இல்லை. மாமியார் புல்தரையைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் பழையபடி விவசாயத்துக்கே கொண்டுபோய்விடுவார் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தேகம் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. கொள்ளு முளைத்து வரிசை கட்டியபோது, மாமியார் காலையிலும் மாலையிலும் காட்டைச் சுற்றி வந்த நடையில் இடுப்பு வலியே தெரியவில்லையாம்.

தை மாதம் கொள்ளு எடுத்தார்கள். எழுபது கிலோ சொச்சம். கொடியை விலக்கிப் பார்த்தால், அடியில் கோரை இருக்கத்தான் இருந்தது. வெளுத்து, நூலாக, எண்ணிவிடக்கூடிய அளவில்.

அறுவடை முடிந்த இரவு மருமகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். கணக்குப்பிரிவில் வேலை பார்த்தவர். வெயில் காலத்தில் புல்தரைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். நாற்பது சென்ட் என்பது ஏறத்தாழ 1,600 சதுர மீட்டர். ஆக, நாளொன்றுக்கு 8,000 லிட்டர். விரல் தண்டித் தண்ணீர் வரும் போரிலிருந்து! அந்த எண்ணை அவர் இரண்டு முறை அடித்துத் திருத்திப் பார்த்திருக்கிறார். எண் மாறவில்லை.

காலையில் காபி கொடுக்கும்போது சொன்னார்: "அத்தை, பத்து சென்ட் போதும். மீதி முப்பதுல நீங்க எதை வேணாலும் விதைச்சுக்கங்க."

மாமியார் "சரி கண்ணு" என்றார். அவ்வளவுதான். சினிமாவாக இருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்கள். இங்கே காபி ஆறிவிடும் என்பதால் குடித்தார்கள்.

பத்து சென்ட்டுக்கு 2,000 லிட்டர். குளியலறைத் தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் குழாய் வைத்துத் திருப்பினால் அதில் ஒரு பங்கு தேறும். மீதியையும் தினமும் விட வேண்டியதில்லை, புல் வேர்பிடித்த பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக விட்டால் தாங்கும் என்று முடிவானது.

வைகாசிக் கடைசியில் நிலம் தயாரானது. தரை மட்டத்துக்குப் பரம்புப் பலகை கட்டி இழுத்தார்கள். வீட்டுப் பக்கம் உயரமாகவும் வேலிப் பக்கம் தாழ்வாகவும், பத்தடிக்கு ஓர் அங்குலச் சரிவு. கொத்தனாரின் டியூப் லெவல் வைத்தே பார்த்தார்கள். லாரியில் செம்மண் இறக்கலாம் என்று யாரோ சொன்னதை மாமியார் ஏற்கவில்லை. எந்தக் காட்டு மண்ணோ, அதில் எத்தனை கோரையோ! எருவைக்கூட முதலில் நனைத்து இரண்டு வாரம் போட்டுவைத்து, முளைத்ததையெல்லாம் கிளறிவிட்டுத்தான் காட்டுக்குள் விட்டார். மட்டம் முடிந்த பின்பு டிராக்டர் உள்ளே வரக் கூடாது என்பதும் அவர் சட்டம். ஈர மண்ணில் ஒருமுறை சக்கரம் பதிந்தால் அந்தப் பள்ளம் புல் வளர்ந்த பிறகும் காலில் தட்டும்.

நர்சரியில் மூன்று வகை காட்டியிருந்தார்கள். கொரியன் புல் மெத்தை மாதிரி அழகு. ஆனால் மெதுவாகத்தான் பரவும். அகல இலைப் பஃபலோ புல் நிழலுக்கு ஏற்றது. முழு வெயிலுக்கும் மிதிபடுவதற்கும் பெர்முடா என்றார்கள். மருமகள் பெர்முடாவுக்கு முன்பணம் கொடுத்துவந்தார். ஒருநாள் காலை, ஈரச் சாக்குகளில் புல் வந்து இறங்கியது.

மாமியார் ஒரு சாக்கைப் பிரித்து ஒரு கொடியை உருவினார். கணுவைக் கிள்ளினார். முகர்ந்து பார்த்தார். இன்னொன்றை உருவினார்.

"இது அருகுதானே?"

"இல்லீங்க ஆத்தா, பெர்முடாங்க" என்றார் இறக்க வந்தவர்.

மகன் செல்போனை எடுத்துத் தேடினார். சைனோடான் டாக்டிலான். பெர்முடா புல் என்பது ஆங்கிலப் பெயர். பெர்முடா தீவில் பிறந்த புல்லும் அல்ல. தமிழில் அருகம்புல். இலை மெலிவாகவும் கணுக்கள் நெருக்கமாகவும் இருக்கும்படி தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகம், அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வரப்போரம் போன வருடம் குவித்த அருகு வேர்க் குப்பை மக்கிப்போய் இன்னும் கிடந்தது.

"முப்பத்தஞ்சு வருசம் இதப் புடுங்கித்தான் என்ற நகக்கண்ணு போச்சு" என்று அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்தார். கோபமா, வருத்தமா, சிரிப்பா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. கணவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மகன் யோசித்தது மட்டும் அவர் முகத்திலேயே தெரிந்தது. பிள்ளையாருக்குச் சாத்துவதும் அருகு, ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று வாழ்த்துவதும் அருகு, காட்டில் வந்துவிட்டால் முதல் விரோதியும் அருகு. விவசாயிக்கும் அந்தப் புல்லுக்கும் உள்ள உறவே அப்படித்தான்.

மருமகள்தான் பேச்சைத் திருப்பினார். "நம்ம ஊர் அருகுலயே பொடிசா இருக்கறது உண்டா அத்தை?"

உண்டு. பிள்ளையார் கோயில் பின்புறம், ஆடு மேய்ந்து மேய்ந்து குட்டையாகிப்போன ஒரு பட்டை இருக்கிறது. வாங்கிவந்த சாக்குப் புல் ஐந்து சென்ட்டுக்குத்தான் காணும் என்று தெரிந்தபோது, மீதி ஐந்தில் அதைப் போட்டுப் பார்ப்பது என்றானது. முறை புதிதல்ல. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமே சொல்லித்தரும் முறைகளில் ஒன்று. அருகை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, சாணமும் தோட்டமண்ணும் தண்ணீரும் சேர்த்துக் கூழாகக் குழைத்து, நனைத்த தரையில் அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மேலே காய்ந்த சருகு போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கணுவெல்லாம் முளைக்கும். வாசல் மெழுகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமியார் மெழுகிக்கொண்டே போக, மருமகள் முழங்கால்வரை சாணத்தோடு பின்னால் சருகு தூவினார்.

மூன்று மாதம் கழிந்தது. இரண்டு ஐந்து சென்ட்டும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. அழகில் நர்சரிப் புல்தான் முதலிடம், அதில் விவாதமே இல்லை. அடர்த்தி, மெல்லிய இலை, வெட்டினால் பாய் விரித்தது போல. கோயில் அருகு கொஞ்சம் முரடு, அங்கங்கே திட்டு. ஆனால் ஆவணியில் மோட்டார் பழுதாகி ஒன்பது நாள் தண்ணீர் நின்றபோது, பழுப்பு முதலில் ஏறியது நர்சரிப் புல்லில்தான். வெறுங்காலோடு நடக்க மருமகளுக்குப் பிடித்தது அது, மாமியார் நாற்காலி போட்டு உட்கார்வது இதில்.

மீதி முப்பது சென்ட்டில் இப்போது சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது.

கோரை போய்விட்டதா என்றால், இல்லை. அது போகிற ஜாதி அல்ல. தினமும் காலையில் இருவரும் ஆளுக்கொரு பழைய கத்தியோடு புல்லில் இறங்குகிறார்கள். தண்டை உருட்டிப் பார்ப்பது, உருளாததைக் கிழங்கோடு நெம்பி எடுப்பது. முதல் மாதம் நாளுக்கு ஒரு வாளி வந்தது. இப்போது எண்ணிவிடலாம். மருமகள் நோட்டில் குறித்தும் வைக்கிறார். நேற்றுப் பதினேழு. இன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வருகிறது. நாளைக்குக் கூடும்.